ஆட்டக்காரர்களைக் கேட்டு எழுதிய விதிகள்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பொது வெள்ளோட்டம் பற்றிய மதிப்புரை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2024ஆம் ஆண்டு விதிநூலைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அந்த நூலுக்கு முன்பு நடந்த வெள்ளோட்டத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. 2022 ஆகஸ்ட் முதல் 2023 நவம்பர் வரை, இந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வரைவு விதிகளைத் தொகுப்பு தொகுப்பாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் படித்து, ஆடிப் பார்த்து, கருத்துச் சொல்லலாம் என்று அழைத்தது. அந்த ஏற்பாட்டை ஒரு சேவையாகக் கருதியே இங்கே எடைபோடுகிறேன். பங்கேற்றவர்கள் காசு கொடுக்கவில்லை என்றாலும் நேரத்தைக் கொடுத்தார்கள்; தாங்கள் சொல்வது விதியை எழுதுபவர்களின் காதுக்கு எட்டும் என்ற உறுதிமொழியை அதற்கு ஈடாகப் பெற்றார்கள். 2024 நூல் வந்த பிறகும் ஆர்ட்டிஃபிசர், சயான் போன்ற கதாபாத்திர வகுப்புகளை, அதாவது ஒரு கதாபாத்திரம் ஏற்கும் தொழில்வகைகளை, இதே வழியில்தான் நிறுவனம் வெள்ளோட்டத்துக்கு விட்டிருக்கிறது என்பதால், இனிப் பங்கேற்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். 1974இல் அமெரிக்காவில் முதன்முதலாக வெளிவந்த இந்த ஆட்டத்தில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்பார்கள். ஒரு செயல் பலிக்குமா பலிக்காதா என்பதைப் பெரும்பாலும் இருபது முகப் பகடை தீர்மானிக்கும். 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, பத்தாண்டுக் காலத்தில், அதுவரை இந்த ஆட்டத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெருங்கூட்டத்தை உள்ளே கொண்டுவந்தது. அப்படிப் பழகிப்போன விதிகளில் கைவைப்பது எளிதல்ல. வாக்கியம் ஒன்றை மாற்றினால் ஆயிரக்கணக்கான மேசைகளில் நடந்துகொண்டிருக்கும் கதைகள் அசையும். ஆகவே கேட்டுவிட்டு மாற்றுவது என்ற முடிவே பாராட்டத்தக்கது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நடைமுறை இப்படி இருந்தது. ஒரு தொகுப்பு பிடிஎஃப் வடிவில் வெளியாகும். விதிகளை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான ஜெரமி கிராஃபோர்ட், எந்த விதியை ஏன் மாற்றினார்கள் என்பதைக் காணொளியில் விளக்குவார். கருத்தறியும் படிவம் அன்றே திறக்காது. சில வாரங்கள் கழித்துத்தான் திறக்கும். இந்த இடைவெளியை நான் மிகவும் மதிக்கிறேன். புதிய விதியைப் படித்தவுடன் எழும் சினமோ களிப்போ ஓரளவு அடங்கி, நண்பர்களோடு உட்கார்ந்து ஒருமுறையாவது ஆடிப் பார்த்துவிட்டுப் பதில் எழுத அது இடம் கொடுத்தது. படிவம், ஒவ்வொரு விதிக்கும் மிகுந்த நிறைவு முதல் மிகுந்த நிறைவின்மை வரை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். விரிவாக எழுத விரும்புவோருக்குப் பெட்டி ஒன்றும் இருக்கும். கதாபாத்திரங்களின் பின்புலம் பற்றிய முதல் தொகுப்புக்கு வந்த பதில்களே பல்லாயிரம்.

அந்த முதல் தொகுப்பிலேயே ஒரு துணிச்சலான மாற்றம் இருந்தது. பகடையில் இருபது விழுந்தால் கிடைக்கும் இரட்டிப்புச் சேதம், ஆட்டக்காரர்களின் ஆயுதத் தாக்குதலுக்கும் வெறுங்கைத் தாக்குதலுக்கும் மட்டும் என்று சுருக்கப்பட்டது. அரக்கர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மந்திரத்தால் தாக்குபவருக்கும் இல்லை. செப்டம்பரில் வந்த அடுத்த தொகுப்பில் பழைய விதி திரும்பிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து மக்கள் முன் வைத்துப் பார்ப்பது நல்ல உத்திதான். வரைவு என்றால் நிலையற்றது, எதுவும் இறுதி அல்ல என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே அது பங்கேற்பாளர் மனத்தில் பதித்தது.

பதில்களை எடைபோட நிறுவனம் கையாண்ட அளவுகோலை கிராஃபோர்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஒரு விதிக்கு நிறைவு 70 விழுக்காட்டைத் தொட்டால் அது சரியான பாதையில் இருக்கிறது என்று பொருள். 80ஐத் தாண்டினால் மக்கள் மனமார வரவேற்றிருக்கிறார்கள். 60களில் நின்றால் திருத்திப் பார்க்கலாம். அதற்கும் கீழே போனால் கைவிட வேண்டியதுதான். அளவுகோலை முன்கூட்டியே அறிவித்தது நேர்மை. ஆனால் இந்தச் சேவையின் வலிமை, குறை இரண்டும் இந்த எண்ணில்தான் இருக்கின்றன. ட்ரூயிட் வகுப்புக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

ட்ரூயிட் என்பது இயற்கையின் ஆற்றலைப் பெற்ற, விலங்காக உருமாறக்கூடிய கதாபாத்திரம். 2014 விதிப்படி உருமாறுபவர் எதிரிகள், விலங்குகளின் வலிமைக் கணக்குகள் அடங்கிய அரக்கர் கையேட்டைப் புரட்டி, கரடியோ ஓநாயோ ராட்சதச் சிலந்தியோ, அந்த விலங்கின் எண்களில் பெரும்பாலானவற்றைத் தனதாக்கிக்கொள்வார். அனுபவசாலிக்கு இது கொண்டாட்டம். புதியவருக்கோ, நடுச் சண்டையில் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு மற்றவர்களைக் காக்கவைக்கும் சங்கடம். விலங்கின் உடல்வலிமை (எவ்வளவு அடியைத் தாங்கும் என்ற எண்) தனிக் கணக்காக ஒட்டிக்கொண்டதால், தொடக்க நிலைகளில் (கதாபாத்திரம் அனுபவத்தால் ஏறும் முதல் படிகளில்), உருமாற்றத்தில் தேர்ந்த பிரிவான சந்திர வட்ட ட்ரூயிட்டை வீழ்த்துவதே கடினமாக இருந்தது என்ற புகாரும் நெடுநாளாக உண்டு. 2023 பிப்ரவரியில் வந்த தொகுப்பு இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தது. நில விலங்கு, நீர் விலங்கு, வான் விலங்கு என்று மூன்று பொது அச்சுகள். கரடி என்று சொல்லிக்கொண்டாலும் மான் என்று சொல்லிக்கொண்டாலும் எண்கள் ஒன்றே. எளிமையைப் பொறுத்தவரை இதைவிட நல்ல தீர்வு இருக்க முடியாது. மக்கள் இதை விரும்பவில்லை. கரடியாக மாறுபவர் கரடியின் பிடியையும், சிலந்தியாக மாறுபவர் சிலந்தியின் வலையையும் எதிர்பார்க்கிறார். எல்லாம் ஒரே அச்சு என்றால் உருமாற்றத்தின் சுவையே போய்விடுகிறது. ஜூன் மாதத் தொகுப்பில் அச்சுகள் மறைந்தன, அரக்கர் கையேடு திரும்பியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால், கருத்துக்கணிப்பு ஒரு நல்ல சீர்திருத்தத்தைக் கொன்றுவிட்டது என்று எழுதியிருப்பேன். ஆனால் 2024 நூலில் அச்சடிக்கப்பட்ட விதியைப் பாருங்கள். ட்ரூயிட் இரண்டாம் நிலையில் நான்கு விலங்கு வடிவங்களை மட்டும் முன்கூட்டியே தேர்ந்து வைத்துக்கொள்கிறார். பின்னர் அவை ஆறாகவும் எட்டாகவும் கூடுகின்றன. ஆகவே ஆட்ட மேசையில் கையேட்டைப் புரட்டும் வேலை இல்லை. விலங்கின் உடல்வலிமை தனியாகச் சேர்வதும் நின்றுவிட்டது. ட்ரூயிட் தன் சொந்த வலிமையோடு, தன் நிலைக்கேற்ற சிறு தற்காலிகக் கூடுதலை மட்டும் பெறுகிறார். அதாவது, மக்கள் மறுத்தது வடிவமைப்பாளர் தந்த விடையைத்தான், அவர் கண்ட சிக்கலை அல்ல என்பதை அந்தக் குழு சரியாகப் புரிந்துகொண்டது. ஒரு விழுக்காட்டு எண் மட்டும் இதைச் சொல்லியிருக்காது. எழுத்துப் பெட்டியில் மக்கள் எழுதிய காரணங்களை யாரோ பொறுமையாகப் படித்திருக்க வேண்டும். வெள்ளோட்டம் முழுவதிலும் எனக்கு மிகவும் நிறைவளித்தது இந்த ஒரு விதியின் பயணம்தான்.

வார்லாக் வகுப்பும் ஏறக்குறைய இதே பாதையில் சென்றது. ஓரிரு மந்திர வாய்ப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, சிறு ஓய்வு எடுத்தவுடன் அவற்றை மீட்டுக்கொள்வது அதன் தனித்தன்மை. 2023 ஏப்ரலில் அதைப் பிற மந்திரவாதிகளின் முறைக்கு அருகே கொண்டுபோனார்கள், எதிர்ப்பு எழுந்தது, செப்டம்பரில் பழைய முறை திரும்பியது. திரும்பியபோது, சிறு ஓய்வு கிடைக்காத மேசைகளுக்காகச் செலவான வாய்ப்புகளை, மொத்த வாய்ப்புகளில் பாதி வரை, நாளுக்கு ஒருமுறை மீட்டுக்கொள்ளும் ஒரு திறனும் கூடவே வந்தது. தற்காப்புக் கலையால் போரிடும் துறவியான மாங்க் வகுப்பின் கதை இன்னும் மகிழ்ச்சியானது. அது ஜூனில் ஒரு வடிவிலும் நவம்பரில் வேறொரு வடிவிலும் வந்தது. ஆற்றல் புள்ளிகளைச் செலவழித்தால்தான் எதையும் செய்ய முடியும் என்ற பழைய கட்டுப்பாடு இரண்டாவது வடிவில் தளர்ந்து, விலகி ஓடுவதும் பாய்ந்து செல்வதும் செலவின்றியே கிடைத்தன. ஐந்தாம் பதிப்பில் நெடுங்காலம் இளைத்துக் கிடந்த அந்த வகுப்பை இன்று துணிந்து தேர்ந்தெடுக்க முடிகிறது என்றால், அதற்கு இரண்டாம் சுற்று என்ற ஒன்று இருந்ததே காரணம்.

குறைக்கு வருகிறேன். நிறைவா நிறைவின்மையா என்ற கேள்வி, விதி மேசையில் என்ன செய்தது என்பதைக் கேட்பதில்லை. அதைப் பார்த்தவர் மனம் என்ன சொன்னது என்பதைத்தான் கேட்கிறது. இரண்டும் பல நேரம் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில் பழகிய விதிக்கே ஆதாயம். பத்தாண்டு பழகிய ஒன்றை விட்டுத் தருவதற்கு யாருக்கும் சற்றுத் தயக்கம் இருக்கும். புதிய விதி அந்தத் தயக்கத்தையும் தாண்டி 70ஐத் தொட வேண்டும். பழைய விதியோ அதே தேர்வை எழுதாமலே தன் இடத்தில் அமர்ந்திருக்கும். பல வகுப்புகளின் மந்திரப் பட்டியல்களை ஒன்றிணைத்து மூன்றே பெரும்பட்டியல்களாக்கும் திட்டம் கைவிடப்பட்டதை நினைக்கும்போது எனக்கு இந்த எண்ணமே வருகிறது. அதில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பழைய தனித்தனிப் பட்டியல்களுக்கு எத்தனை விழுக்காடு கிடைத்திருக்கும் என்பதையும் பக்கத்திலேயே கேட்டிருந்தால் ஒப்பீடு நியாயமாக இருந்திருக்கும்.

இதைவிடப் பெரிய குறை, ஆடிப் பார்ப்பதற்கான களத்தை நிறுவனம் தரவில்லை என்பது. தொகுப்புகளில் வகுப்புகள் இருந்தன, மந்திரங்கள் இருந்தன, பின்புலங்கள் இருந்தன. அவற்றை வைத்து ஆடுவதற்கான சாகசக் கதை எதுவும் கூடவே வரவில்லை. புதுப்பிக்கப்பட்ட அரக்கர்களும் மக்கள் பார்வைக்கு வரவில்லை. அரக்கர் கையேடு 2025 பிப்ரவரியில் நேராக நூலாகவே வந்தது. ஒரு போர்வீரரின் புதிய வாள்வீச்சு வலுவானதா அல்லவா என்பது எதிரே நிற்பது யார் என்பதைப் பொறுத்தது. ஒரு குழு எளிய எதிரிகளோடு ஆடியிருக்கும், இன்னொரு குழு கொடிய எதிரிகளோடு ஆடியிருக்கும், மூன்றாவது குழு ஆடாமல் படித்து மட்டும் பார்த்திருக்கும். மூன்று பதில்களும் ஒரே கூட்டலில் சேரும்போது கிடைக்கும் எண் எதை அளந்தது என்று சொல்வது கடினம்.

இதே நிறுவனம் இதற்கு முன் இதைச் செம்மையாகச் செய்து காட்டியிருக்கிறது என்பதால்தான் இந்தக் குறை எனக்கு உறுத்துகிறது. ஐந்தாம் பதிப்புக்கான பொது வெள்ளோட்டம் 2012 மே மாதம் தொடங்கியபோது, முதல் தொகுப்பிலேயே ஆயத்தக் கதாபாத்திரங்களும், எதிரிகளின் பட்டியலும், குகைகளில் நடக்கும் பழைய சாகசம் ஒன்றின் புதிய வடிவமும் சேர்ந்து வந்தன. தொகுப்பைத் திறந்த அன்றே நண்பர்களைக் கூட்டி ஆடத் தொடங்கலாம். பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்தது. அந்த வெள்ளோட்டம் ஓராண்டுக்கும் மேலாக நீடித்து, 2014இல் நூலாகக் கனிந்தது.

போட்டியாளரான பைசோ நிறுவனம் இந்தப் பாடத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. பாத்ஃபைண்டர் விளையாட்டின் இரண்டாம் பதிப்புக்கான வெள்ளோட்ட விதிநூலை 2018 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியிட்டபோது, பிடிஎஃப் இலவசமாகவும் அச்சு நூல் விலைக்குமாக வந்தது. அதோடு ஏழு அத்தியாயங்கள் கொண்ட சாகச நூல் ஒன்றும் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் வேறுவேறு நிலைக் கதாபாத்திரங்களுக்கானது: முதல் அத்தியாயம் முதல் நிலைக்கு, இரண்டாவது நான்காம் நிலைக்கு என்று ஏறி, இறுதி அத்தியாயம் பதினேழாம் நிலையைத் தொட்டது. ஒவ்வொன்றுக்கும் சோதிக்க வேண்டிய ஒரு குறிக்கோள் இருந்தது. ஐந்தாம் அத்தியாயம் தாக்குப்பிடிக்கும் சோதனை. எதிரிகள் அலையலையாக வந்துகொண்டே இருப்பார்கள், கதாபாத்திரங்கள் மடிவது எதிர்பார்க்கப்பட்டதே. நீண்ட தொடர்கதையில் இப்படிச் செய்தால் ஆட்டக்காரர்கள் வருந்துவார்கள் என்பதால், அந்த அத்தியாயத்துக்குப் புதிய கதாபாத்திரங்களை உருவாக்கிக்கொள்ளச் சொன்னார்கள். மூலக் கதாபாத்திரங்கள் முதல், நான்காம், ஏழாம் அத்தியாயங்களில் மட்டுமே தொடர்ந்தார்கள். வெள்ளோட்டம் என்பதை எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு ஏற்பாடே போதுமான சான்று.

அத்தியாயம் முடிந்ததும் ஆட்டக்காரருக்கு ஒரு படிவம், கதையை நடத்தியவருக்கு ஒரு படிவம், விரிவாக எழுத விரும்புபவருக்கு இன்னொரு படிவம். எல்லாரும் ஒரே கதையை, ஒரே எதிரிகளோடு ஆடியிருந்ததால் பதில்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடிந்தது. விளைவும் தெரிந்தது. மந்திரப் பொருள்களைப் பயன்படுத்துவதற்கு நாளுக்கு ஓர் எல்லை வைத்த ரெசொனன்ஸ் என்ற விதிமுறை மக்களுக்குப் பிடிக்கவில்லை. நிறுவனம் அதை மாற்றியமைத்து ஒரு தனிச் சோதனையையே நடத்திப் பார்த்துவிட்டு, முடிவில் அதைக் கைவிட்டு, உடலில் அணியும் மந்திரப் பொருள்கள் பத்து வரை என்ற எளிய வரம்போடு நிறுத்திக்கொண்டது. ஒரு செயலில் கதாபாத்திரத்தின் தேர்ச்சியைக் காட்டும் பயிற்சி நிலைகளுக்கு இடையிலான வேறுபாடு ஒவ்வொரு புள்ளியாக மிகச் சிறியதாக இருந்ததால், வல்லுநருக்கும் கற்றுக்குட்டிக்கும் மேசையில் வேறுபாடு தெரியவில்லை. 2019 ஆகஸ்ட் 1 அன்று வெளியான இறுதி நூலில் அந்த இடைவெளி இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று விரிந்தது. பயிற்சியே இல்லாதவர் தம் நிலையின் எண்ணைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்றும் ஆனது. இன்று பாத்ஃபைண்டர் ஆடும் எவரும் இதைத்தான் ஆட்டத்தின் அடித்தளமாகக் கருதுவார்கள். அது மக்கள் ஆடிப் பார்த்ததால் உருவான அடித்தளம்.

பைசோவின் முறையும் பிழையற்றதல்ல. வெள்ளோட்டம் 2018 டிசம்பர் 31 அன்று முடிந்துவிட்டது. ஏழு அத்தியாயங்களையும் அதற்குள் ஆடி முடிக்க வேண்டும் என்பது வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்குப் பெரும் சுமை. அத்தியாயங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே திருத்த அறிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால், பின்தங்கிய குழுக்கள் எந்த விதியோடு ஆடுகிறோம் என்பதை ஒவ்வொரு அமர்விலும் சரிபார்க்க வேண்டியிருந்தது. பெரிய மாற்றங்கள் பல கடைசிக் கட்டத்தில் முடிவானதால், மாற்றப்பட்ட வடிவத்தை மக்கள் மீண்டும் ஆடிப் பார்க்க நேரமே இல்லை. இந்த இடத்தில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நிதானமான, பதினைந்து மாத ஓட்டம் மேலானது. மாங்க் போன்ற வகுப்புக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைத்தது அந்த நிதானத்தால்தான்.

முடிவுகளை மக்களிடம் திருப்பிச் சொல்வதிலும் ஒரு குறை உண்டு. விதிகள் பற்றிய கணிப்புகளின் முழு அட்டவணை வெளியிடப்படவில்லை. காணொளிகளில் தேர்ந்தெடுத்த சில எண்களே சொல்லப்பட்டன. எண்களை வெளியிட முடியாது என்று வாதிடவும் இடமில்லை. 2023 ஜனவரியில், இந்த விதிகளை வைத்துப் பிறரும் படைப்புகளை வெளியிட அனுமதிக்கும் திறந்த உரிமத்தைத் திருத்தும் முயற்சி பெரும் எதிர்ப்பைக் கிளப்பியபோது, இதே நிறுவனம் புதிய உரிமத்தின் வரைவைக் கணிப்புக்கு விட்டு, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்த நிலையில் முடிவுகளை அறிவித்தது. புதிய உரிமத்தின் கீழ் தங்கள் படைப்பை வெளியிட விரும்பவில்லை என்றவர்கள் 88 விழுக்காடு. பழைய உரிமத்தைச் செல்லாததாக்குவதில் நிறைவில்லை என்றவர்கள் 89 விழுக்காடு. இணைய ஆட்டமேசைகள் பற்றிய வரைவுக் கொள்கையில் நிறைவில்லை என்றவர்கள் 86 விழுக்காடு. பிப்ரவரி 3 வரை திறந்திருக்க வேண்டிய கணிப்பை ஜனவரி 27 அன்றே முடித்துக்கொண்டு, பழைய உரிமத்தை அப்படியே விட்டு, அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். மக்கள் கருத்து ஒரு பெருநிறுவனத்தின் முடிவை மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை இந்தத் துறையில் நான் கண்டதில்லை. அதே வெளிப்படைத்தன்மை ட்ரூயிட்டுக்கும் வார்லாக்குக்கும் கிடைத்திருந்தால், தம் பக்கம் தோற்றவர்கள்கூட அந்த முடிவை எளிதில் ஏற்றிருப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பங்கேற்பது பயனுள்ளதா என்று கேட்டால், ஆம் என்றே சொல்வேன். செலவில்லை, தொகுப்புகள் தெளிவாக எழுதப்படுகின்றன, கருத்துகள் விதியில் சேர்ந்ததற்கு அச்சுச் சான்று இருக்கிறது. ஆனால் இரவோடிரவாகப் படித்துவிட்டுக் கட்டங்களை நிரப்புவதோடு நிறுத்திக்கொள்பவர் இந்தச் சேவையின் பாதியைத்தான் பெறுகிறார். ஒரு சிறு சாகசத்தை நீங்களே எடுத்துக்கொண்டு, முதலில் பழைய விதியோடும் பிறகு புதிய விதியோடும் ஆடிப் பாருங்கள். கதையை நடத்துபவர், யார் எப்போது வீழ்ந்தார், எந்த இடத்தில் ஆட்டம் நின்று விவாதம் எழுந்தது, எந்தத் திறனை ஒருவரும் பயன்படுத்தவே இல்லை என்பவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு எழுத்துப் பெட்டியில், பிடித்தது பிடிக்கவில்லை என்பதற்கு முன்பாக, எந்த நிலைக் கதாபாத்திரம், எந்த எதிரி, என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். மாற்றம் பிடிக்கவில்லை என்றால், அது தீர்க்க முயன்ற சிக்கல் உங்கள் மேசையிலும் உண்டா இல்லையா என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ட்ரூயிட்டின் விதியைக் காப்பாற்றியவை இத்தகைய வரிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நிறுவனத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த வகுப்பை வெள்ளோட்டத்துக்கு விடும்போது, ஒரே மாலையில் ஆடி முடிக்கக்கூடிய ஒரு சிறு சாகசத்தையும் அதில் வரும் எதிரிகளின் எண்களையும் அதே பிடிஎஃபில் சேர்த்துக் கொடுங்கள். 2012இல் கொடுத்தீர்கள், இப்போதும் கொடுக்க முடியும்.